ஆறு தெரியும் அறை வீண் செலவா? கியோட்டோவில் தனியாக எட்டு இரவு

வாசகர் கேள்வி, ஏப்ரல் 28, 2025

தனியாகக் கியோட்டோ போகலாம் என்றிருக்கிறேன். கோவில் கோவிலாக ஓடும் எண்ணம் இல்லை. நடக்க வேண்டும், காபி குடிக்க வேண்டும், தூங்க வேண்டும், அவ்வளவுதான். யாரைக் கேட்டாலும் கமோ ஆற்றங்கரையில் அறை எடு என்கிறார்கள். விலையைப் பார்த்தால் ரயில் நிலையம் பக்கத்து அறையைப் போல இரண்டு மடங்கு. அறையில் இருக்கப்போவது தூங்கும் நேரம்தான். கண்ணை மூடியபின் ஜன்னலுக்கு வெளியே ஆறு ஓடினால் என்ன, லாரி ஓடினால் என்ன? ஆறு தெரியும் அறை வீண் செலவு என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஏப்ரல் 28, இரவு

மறுக்கிறேன். நானே மே 20 போய் 28 கிளம்புகிறேன். எட்டு இரவு, தனியாக. முதல் நாலு இரவுக்கு ஷிஜோ பாலத்துக்குக் கொஞ்சம் தெற்கே, மேற்குக் கரையில், மூன்றாவது மாடியில், ஆற்றைப் பார்த்த அறை. இரவுக்கு 15,500 யென். பக்கத்து ஒசாகாவில் எக்ஸ்போ என்ற உலகக் கண்காட்சி நடக்கிற வருடம், இதுவே மலிவு என்று பிடித்துப் போட்டேன். மீதி நாலு இரவு எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை.

ஆற்றுச் சத்தத்தில் தூக்கம் நன்றாக வரும். மே மாதம் முதல் கமோ ஆற்றின் மேலேயே மரமேடை கட்டிச் சாப்பாடு பரிமாறுவார்கள், யுகா என்று பெயர். அதை ஜன்னலிலிருந்தே வேடிக்கை பார்க்கலாம். படியிறங்கினால் நடக்கக் கரை. காபி கடைக்கும் அங்கே பஞ்சமில்லை, 2020 ஏப்ரலில் சட்டம் வந்தபின் எங்கேயும் உள்ளே புகை கிடையாது. வேறென்ன வேண்டும்?

ஏப்ரல் 30

"நிலையத்தை விட்டுத் தள்ளிப் போனால் பெட்டியோடு பஸ்ஸில் நசுங்க வேண்டும்" என்று ஒருவர். நசுங்க வேண்டாம். கியோட்டோ நிலையத்தில் ஜே.ஆர். நாரா பாதை ரயிலில் ஏறி அடுத்த நிறுத்தமான தோஃபுகுஜியில் இறங்குங்கள். அங்கேயே கெய்ஹான் ரயிலுக்கு மாறலாம். அது ஆற்றின் கிழக்குக் கரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போகும்: ஷிச்சிஜோ, கியோமிசு-கோஜோ, கியோன்-ஷிஜோ, சஞ்ஜோ, ஜிங்கு-மருத்தாமாச்சி, கடைசியாக தெமாச்சியானகி. ஷிச்சி என்றால் ஏழு, கோ ஐந்து, ஷி நான்கு, சன் மூன்று. ஜோ என்பது பழைய நகரத்தின் கிழக்கு மேற்குத் தெரு வரிசை. எண் குறையக் குறைய வடக்கே போகிறோம். இது ஒன்று தெரிந்தால் பாதி வரைபடம் கைக்கு வந்த மாதிரி.

1987 வரை அந்த ரயில் கரைமேலேயே ஓடியது. இப்போது அந்தப் பகுதி முழுக்கத் தரைக்கடியில். அதனால் ரயிலுக்குள்ளிருந்து ஆறு தெரியாது. படியேறி வெளியே வந்ததும் எதிரே நிற்கும்.

பஸ் மட்டும் ஏறும் ஒரு நாள் அட்டையை 2024 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது சுரங்க ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த 1,100 யென் அட்டை. ஆற்றோரம் தங்குபவருக்கு அதுகூடத் தேவைப்படாது.

மே 20, மாலை

வந்தாயிற்று. பெட்டியைப் பிரிக்கவில்லை. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறு அகலம், ஆழம் கிடையாது, முழங்கால் அளவு இருக்கலாம். நடுவில் ஒரு சாம்பல் நாரை, ஏதோ கடன் கொடுத்துவிட்டு வசூலுக்கு நிற்பது போல. அக்கரையில் சாலை, அதற்கப்பால் வீடுகள், அப்புறம் ஹிகாஷியாமா மலைத்தொடர். 2007-லிருந்து நகர மையத்திலேயே 31 மீட்டருக்கு மேல் கட்டிடம் கட்ட விடுவதில்லை. மலை மறையாமல் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

கேள்வி கேட்டவரே, நீங்கள் தோற்றீர்கள்.

மே 21, காலை 5.10

சூரியன் 4.50-க்கு உதிக்கிறது. வெளிச்சம் அதற்கும் முன்னாலேயே வந்து முகத்தில் விழுந்துவிட்டது. மேற்குக் கரையில் ஆற்றைப் பார்த்த ஜன்னல் என்றால் அது கிழக்கு பார்த்த ஜன்னல். எல்.கே.ஜி. கணக்கு. பணம் கட்டும்போது தோன்றவில்லை. திரைச்சீலை பேருக்குத் தொங்குகிறது.

மே 21, இரவு

இரண்டு திருத்தம்.

ஒன்று: ஆற்றுச் சத்தம். மூன்றாவது மாடியில் கேட்பது ஏசி சத்தம். ஜன்னலைத் திறந்தால் கேட்பது சிரிப்புச் சத்தம், கீழே யுகாவில் பத்தரை வரை பீர் கோப்பைகள் முட்டிக்கொள்கின்றன. ஆறு பேசாமல்தான் ஓடுகிறது. அது சத்தம் போடுவது தடுப்புக் கட்டி நீர் படியிறங்கும் இடங்களில் மட்டும். அந்தப் படிகள் எங்கே என்று பார்த்து அறை எடுப்பவர் எவரும் இல்லை. நானும் பார்க்கவில்லை.

இரண்டு: யுகா கமோ ஆற்றின் மேல் என்று எழுதினேன், தவறு. மேற்குக் கரையை ஒட்டி மிசோசோகி என்று சின்ன வாய்க்கால் ஒன்று ஓடுகிறது, மனிதர் வெட்டியது. மேடைகள் நிற்பது அதன்மேல். நிஜோவிலிருந்து கோஜோ வரை வரிசையாக. பகல் சாப்பாடு மே மாதம் உண்டு, ஜூன் முதல் ஆகஸ்டு வரை வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் மாலையில் மட்டும், செப்டம்பரில் மறுபடி பகலிலும்.

அக்கரை தேவலையா என்று கேட்பீர்கள். கிழக்குக் கரையில் கவபாதா சாலை ஆற்றோடு சேர்ந்தே ஓடுகிறது. அங்கே அறை எடுத்தால் சூரிய அஸ்தமனம் கிடைக்கும், கூடவே கார், பஸ், ஆம்புலன்ஸ். லாரி ஓடினால் என்ன என்று கேட்டீர்களே, அந்த அறை உங்களுக்குத்தான்.

மே 22

சஞ்ஜோவுக்கும் ஷிஜோவுக்கும் நடுவே கரையில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடைவெளி அளந்து வைத்தது போல ஒரே மாதிரி. ஊரே சொல்லிச் சிரிக்கிற விஷயம் இது, சம இடைவெளி விதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நான் போய் ஒரு இடைவெளியின் நடுவில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்குள் இந்தப் பக்க ஜோடி கொஞ்சம் நகர்ந்தது, அந்தப் பக்க ஜோடி எழுந்தே போய்விட்டது. கணக்கு மறுபடி சரியாகிவிட்டது.

காலையில் ஃபிரான்சுவா. ஷிஜோ பாலத்துக்கு மேற்கே, தகாசே கால்வாய் ஓரம். 1934-இல் திறந்தது, மில்லே என்ற ஓவியரின் முதல் பெயரைக் கடைக்கு வைத்தார்கள். வெள்ளைக் குவிமாடக் கூரை, பழைய பயணக் கப்பலின் கூடம் மாதிரி. 2003-இல் கட்டிடத்தை நாட்டின் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த மாதிரிப் பழைய காபி கடைகளுக்குக் கிஸ்ஸாதென் என்று பெயர்; மடிக்கணினி திறக்கும் கஃபே வேறு இனம். கிஸ்ஸாதெனில் உள்ளே நுழைந்ததும் ஒரு விரலைக் காட்டினால் போதும், ஒரு ஆள் என்று புரிந்துகொள்வார்கள். யாரும் ஐயோ பாவம் என்று பார்ப்பதில்லை. தனியாக வருபவருக்கு ஒஹிதோரி-சமா என்று மரியாதை சேர்த்து ஒரு சொல்லே இருக்கிறது.

மாலையில் இன்னொரு கடை, பெயர் வேண்டாம். கதவைத் திறந்ததும் புகை. இருமிக்கொண்டே காபி குடித்தேன். ஆக, மூன்றாவது திருத்தம்: 2020 சட்டம் எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி இல்லை. அதற்கு முன்பே இருந்த சின்னக் கடைகள், அதாவது 100 சதுர மீட்டருக்குள், மூலதனம் 5 கோடி யென்னுக்குள் என்றால், வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் புகைக்க விடலாம். 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே சேர்க்கக் கூடாது. பழைய கிஸ்ஸாதென் என்று நாம் தேடிப் போகிற கடைகள் பலவும் இந்த விதிவிலக்குக்குள்தான் வருகின்றன. வாசலில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு நுழையுங்கள்.

மே 23

இன்று யோசித்துப் பார்த்தேன். நாளை இந்த அறையைக் காலி செய்கிறேன். நாலு நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்தது எவ்வளவு நேரம்? முதல் நாள் ஒரு மணி. அதன்பின் பல் தேய்த்துக்கொண்டே, காலுறை போட்டுக்கொண்டே, சார்ஜர் தேடிக்கொண்டே பார்த்ததையெல்லாம் சேர்த்தாலும் மூன்று மணியைத் தாண்டாது. நாலு இரவுக்கு 62,000 யென். மணிக்கு 20,000-க்கு மேல். நாரைக்குத் தெரிந்தால் பங்கு கேட்கும்.

அதே நேரத்தில் கரையில் எத்தனை மணி நேரம்? கணக்கு வைக்கவில்லை. காலையில் கீழே இறங்குவேன், வடக்கே நடப்பேன். கரைப்பாதை பாலங்களுக்கு அடியில் நுழைந்து போகிறது. ஷிஜோவிலிருந்து தெமாச்சியானகி வரை கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர், ஒரு சிக்னலில்கூட நிற்க வேண்டியதில்லை. வழி கேட்க வேண்டாம், போனைப் பார்க்க வேண்டாம், நீர் எதிரே வந்தால் வடக்கே போகிறேன், கூட வந்தால் தெற்கே. தனியாகப் பயணம் போகிறவருக்குக் களைப்பு நடையில் வருவதில்லை, "அடுத்து எங்கே" என்று ஒவ்வொரு மூலையிலும் தானே முடிவு செய்வதில் வருகிறது. இந்தக் கரையில் மூலையே கிடையாது.

அப்படியானால் நான் பணம் கொடுத்தது ஜன்னலுக்கு. கிடைத்தது பாதை. பாதைக்குக் கட்டணம் இல்லை. கொஞ்சம் கடுப்பாக இருக்கிறது.

மாலையில் யுகாவில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று நாலு இடம் கேட்டேன். இரண்டு பேருக்குக் குறைவாக எடுப்பதில்லை என்று மூன்று இடத்தில் கும்பிடு. நாலாவது இடத்தில் விலைப்பட்டியலைப் பார்த்து நானே கும்பிடு போட்டேன். கடைசியில் சஞ்ஜோ பாலத்தடியில் இருக்கும் ஸ்டார்பக்ஸ் கைகொடுத்தது. கோடையில் அவர்களுக்கும் ஒரு யுகா உண்டு. ஒரு காபி வாங்கிக்கொண்டு மேடையில் உட்காரலாம். இவ்வளவு தூரம் வந்து ஸ்டார்பக்ஸா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

மே 24

மழையில் வீடு மாறினேன். புது இடம் தெமாச்சியானகி நிலையத்துக்குக் கிழக்கே, இரண்டு சந்து உள்ளே. பழைய மரவீடு. முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளமோ நீளம். விலாங்குமீனின் படுக்கை என்று இந்த அமைப்புக்குப் பெயர். இரவுக்கு 7,200 யென். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், அதில் ஒரு ஏசி பெட்டி, பெட்டிமேல் ஒரு பூந்தொட்டி. ஆற்றுக்கு நாலு நிமிட நடை.

காலை ஏழரை வரை தூங்கினேன். எழுதுவது 25-ஆம் தேதி காலையில், தேதியைத் திருத்தவில்லை.

மே 25

பருந்து என் ரொட்டியைக் கொண்டுபோய்விட்டது.

விரிவாகச் சொல்கிறேன், அவமானம் ஆறட்டும். வடமேற்கிலிருந்து கமோ, வடகிழக்கிலிருந்து தகானோ, இரண்டும் தெமாச்சியானகியில் கூடுகின்றன. கூடும் இடத்தில் மூக்கு மாதிரி ஒரு திட்டு, எல்லோரும் டெல்டா என்கிறார்கள். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே கற்கள் பதித்திருக்கிறார்கள், சில ஆமை வடிவம், சில உப்புக்கொத்திப் பறவை வடிவம். நேற்று மழையில் முங்கிக் கிடந்தன, இன்று வெளியே வந்துவிட்டன. குழந்தைகள் தாண்டித் தாண்டி விளையாடுவதைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்து, வாங்கி வந்த ரொட்டியைப் பிரித்தேன். இந்த ஊர்க்காரர்கள் ரொட்டிப் பிரியர்கள், தெருவுக்குத் தெரு அடுமனை. ஒரு கடி கடித்தேன். பின்னாலிருந்து காற்று மாதிரி ஏதோ உரசியது. கையில் காகிதம் மட்டும் மிச்சம். விரலில் கீறல்கூட இல்லை, அவ்வளவு நேர்த்தி. பத்தடி தள்ளி "பருந்து, கவனம்" என்று படத்தோடு பலகை. அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே நான் மட்டும் தனி ஆள். இரண்டு பேராக வந்தவர்களில் ஒருவர் பின்பக்கம் பார்த்துக்கொள்கிறார். தனிப்பயணத்தின் ஒரே நஷ்டம் என்று இதைத்தான் சொல்வேன். மரத்தடியிலோ பாலத்தடியிலோ உட்கார்ந்து சாப்பிடுங்கள், மேலிருந்து இறங்க முடியாது.

இன்னொன்று. டெல்டாவுக்கு வடக்கேயும் கமோதான், தெற்கேயும் கமோதான். ஆனால் எழுதும்போது வேறு எழுத்துகள். தெற்கே வாத்தைக் குறிக்கும் எழுத்து. காதுக்கு ஒரே ஆறு, கண்ணுக்கு இரண்டு.

மே 26

காபி கடை விஷயத்துக்கு வருகிறேன்.

பெயர் பெற்றவை: கியோட்டோ பல்கலைக்கழகத்தின் வடக்கு வாசலுக்கு எதிரே ஷின்ஷிந்தோ, 1930. உள்ளே இருக்கும் நீளமான மேசைகள் குரோதா தத்சுவாகி என்ற மரக்கலைஞர் செய்தவை. பின்னாளில் அவரை அரசு வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது. அந்த மேசைமேல் மாணவர்கள் சாவகாசமாக நோட்டைப் பரப்பி வைத்திருக்கிறார்கள், யாரும் தொடாதே என்பதில்லை. பெரிய மேசை என்பதால் தனியாக வந்தவர் நாலு பேர் இடத்தை அடைத்துவிட்டோமே என்று நெளிய வேண்டாம். நகர மையத்தில் ஸ்மார்ட், 1932. இனோதா, 1940, பாலும் சர்க்கரையும் கலந்தே கொண்டுவருவது அவர்கள் பழக்கம், கறுப்புதான் வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரொகுயோஷா, 1950.

போனேன், நன்றாக இருந்தன, ஒன்றிரண்டில் வரிசையில் நின்றேன். ஆனால் திரும்பத் திரும்பப் போனது அறைக்குப் பக்கத்து முனையில் ஏழு இருக்கைக் கடைக்கு. பெயர் எழுதப் போவதில்லை. ஏழு இருக்கையில் எட்டாவது ஆளாக நானே நிற்க வேண்டி வரும். காலை பதினொன்று வரை மார்னிங்: காபி, கனமான டோஸ்ட், அவித்த முட்டை, 600 யென். அட்டை எடுப்பதில்லை, ரொக்கம் மட்டும். வயதான அம்மா ஒருவர் தனியாக நடத்துகிறார்.

நாலு நாள் போனேன் என்றால், நாலாவது நாள் கேட்காமலேயே என் காபி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. இன்றும் "சூடா, ஐஸா?" என்றுதான் கேட்டார். நேற்றும் சூடு, முந்தாநாளும் சூடு. பக்கத்து இருக்கைத் தாத்தாவையும் அதே கேள்விதான், அவர் அங்கே முப்பது வருடமாக வருபவர் மாதிரி தெரிகிறார்.

(நாலு நாள் இல்லை, இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது. 24 மாலை, 25, இன்று. சரி, மூன்று.)

மே 27, இரவு

கடைசி இரவு. தூக்கம் வரவில்லை, ஆற்றுக் கதை.

பதினோராம் நூற்றாண்டில் அரியணை ஏறிய பேரரசர் ஷிரகாவா, என் சொல் கேட்காதவை மூன்று என்றாராம்: கமோ ஆற்றின் நீர், தாயக்கட்டை, ஹியேய் மலைத் துறவிகள். முழங்காலளவு ஓடுகிற இந்த ஆற்றுக்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்திருந்தேன். 1935 ஜூனில் வெள்ளம் வந்து சஞ்ஜோ பாலத்தையும் கோஜோ பாலத்தையும் அடித்துக்கொண்டு போனது. அதன்பின்தான் படுகையைத் தோண்டி ஆழப்படுத்தி, இப்போது நாம் நடக்கிற ஆற்றுக்கு உருவம் கொடுத்தார்கள். சாதுவாகத் தெரிவது சாதுவாக்கப்பட்டதால்.

ராட்சத சாலமாண்டரும் உண்டு. ஒரு மீட்டருக்கு மேல் வளரும், பல்லிக்கும் தவளைக்கும் நடுவே ஏதோ ஒன்று. ஜப்பானிய இனம் 1952 முதல் சிறப்பு இயற்கைச் சின்னம், யாரும் தொடக் கூடாது. 1970-களில் சாப்பாட்டுக்கென்று சீன இனத்தைக் கொண்டுவந்தார்கள், அது ஆற்றில் கலந்து, இப்போது கமோவில் பெரும்பாலும் கலப்பினம். பெருமழைக்குப் பின் சில சமயம் கரையேறி நிற்குமாம். 24-ஆம் தேதி மழைக்குப் பின் நானும் தேடினேன். ஒரு குடை கிடைத்தது.

இன்று காலையும் "சூடா, ஐஸா?"

மே 29

வந்து சேர்ந்தேன். ஆற்றைப் பார்த்த அறை நாலு இரவு 62,000, சுவரைப் பார்த்த அறை நாலு இரவு 28,800. தங்கல் வரி இரண்டுக்கும் ஒரே மாதிரி இரவுக்கு 200 யென், 20,000-க்குள் என்பதால். அது 2018 அக்டோபரிலிருந்து இருக்கிறது.

கேள்விக்கு என் பதில் இப்போது: ஜன்னல் வீண், கரை வீணில்லை. ஆற்றிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள், ஆற்றைப் பார்க்காத, தெருவையும் பார்க்காத அறை. மருத்தாமாச்சிக்கு வடக்கே என்றால் இன்னும் நல்லது, யுகா கூட்டம் அங்கே இல்லை.

ஒரு இரவு மட்டும் ஜன்னல் அறை எடுக்கலாமா என்றால், எடுக்கலாம், முதல் இரவு. அந்த முதல் ஒரு மணி நேரத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஜூன் 11

சேர்ந்துபோன கேள்விகள்.

பெண் தனியாக இரவில் கரையில் நடக்கலாமா? நானும் பெண்தான், நடந்தேன். ஷிஜோ, சஞ்ஜோ பக்கம் பத்து மணிக்கும் கூட்டம். வடக்கே போகப் போக விளக்கு குறைவு, கால் வைக்கும் இடம் தெரிவதில்லை. பயத்தைவிடச் சறுக்கல்தான் பிரச்சினை. எட்டுக்கு மேல் தெரு வழியாகத் திரும்பினேன்.

சைவம்? கடினம். காய்கறிக் குழம்பு என்று நினைப்பதிலும் அடியில் மீன் சாறு, தாஷி. கிஸ்ஸாதென் மார்னிங் காப்பாற்றும். துறவிகள் சமையலான ஷோஜின் உணவு உண்டு, கோவில்களைச் சுற்றி, விலை கையைக் கடிக்கும்.

ஆகஸ்டு? வெயிலும் புழுக்கமும் தாங்குபவர் போங்கள். 16-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு மலைகளில் நெருப்பெழுத்து ஏற்றுவார்கள், கிழக்கு மலையின் "பெரிய" என்ற எழுத்து மருத்தாமாச்சிக்கு வடக்கே கரையிலிருந்தே தெரியும். அன்றைக்கு மட்டும் என் ஜன்னல் அறை கொடுத்த காசுக்குப் பெறுமோ என்னவோ, தெற்கே இருந்தது.

கடைக்கார அம்மா அடையாளம் கண்டுகொள்ளாதது வருத்தமில்லையா என்றும் ஒருவர். அன்று கொஞ்சம் இருந்தது. இப்போது இல்லை. நேற்று சூடு குடித்தவள் இன்றும் சூடுதான் குடிப்பாள் என்று அவர் முடிவு கட்டவில்லை. கடைசி நாள், 28 காலை, ஐஸ் என்றேன். "ஐஸ்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் கண்ணாடித் தம்ளரை எடுத்தார். புருவம்கூட உயரவில்லை.

டிசம்பர் 2

கேள்வி கேட்டவர் நவம்பரில் போய் வந்துவிட்டார். இலை சிவக்கும் பருவம், விலை எல்லாம் மலையேறியிருக்கும் நேரம். சொன்னபடியே நிலையம் பக்கத்தில் தங்கியிருக்கிறார். எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன்: நிலையத்திலிருந்து ஷிச்சிஜோ பாலம் ஒரு கிலோமீட்டர்தான், தினமும் காலையில் அங்கே போய் வடக்கே நடந்தேன், அந்தப் பக்கம் கரையில் ஆளே இல்லை, நாரையும் நானும்தான், பருந்து வரவில்லை.

நான் வரைபடத்தில் நிலையத்தையும் ஆற்றையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நடுவில் உள்ள தூரத்தை ஒருமுறைகூட அளக்கவில்லை. ஆற்றங்கரை என்றாலே சஞ்ஜோ, ஷிஜோ, டெல்டா என்று மனது வரைந்து வைத்திருந்தது. சம இடைவெளியில் உட்காரும் ஜோடிகளைக் கேலி செய்தவள், நானும் எல்லோரும் உட்காரும் இடத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

மே 20 மாலை "தோற்றீர்கள்" என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முழுதாக இல்லை. நிலையம் பக்கம் அந்த ஏழு இருக்கைக் கடை கிடையாது.

டிசம்பர் 3

அங்கேயும் ஒரு கடை இருந்ததாம். ஐந்து இருக்கை.

மார்ச் 8, 2026

வரி பற்றி மேலே எழுதியது இப்போது செல்லாது. இந்த மார்ச் 1 முதல் புது அளவு, ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு: அறை 6,000 யென்னுக்குள் என்றால் 200, அதற்கு மேல் 20,000-க்குள் 400, அதிலிருந்து 50,000-க்குள் 1,000, ஒரு லட்சத்துக்குள் 4,000, ஒரு லட்சமும் அதற்கு மேலும் 10,000. பத்தாயிரம் யென் வரி என்று அலறிக்கொண்டு வரும் செய்திகள் அந்தக் கடைசிப் படியைப் பற்றியவை, நம்மில் யாரும் அங்கே தங்கப் போவதில்லை. எனது இரண்டு அறைகளுக்கும் இனி 400.

ஜூன் முதல் வாரம் மறுபடி போகிறேன், ஆறு இரவு. சுவர் பார்த்த அறை காலியில்லை. நிலையம் பக்கம் ஒன்று போட்டிருக்கிறேன், 5,800, வரி 200. அந்த ஐந்து இருக்கைக் கடை எந்த முனையில் என்று கேள்வி கேட்டவர் சொன்னால் நல்லது. தனியாக எனக்கு மட்டும் சொன்னாலும் சரி.